கோளாறை வரவழைத்துக் காட்டுங்கள், சார்

புது மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள் சர்வீஸ் சென்டரில் கேட்கிற வாக்கியங்களில் என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது ஒன்று உண்டு. “இங்க வண்டி நல்லாத்தான் இருக்கு சார். மறுபடி பிரச்சினை வந்தா அப்போ கொண்டு வாங்க.” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மின்சாரக் கோளாறு பல்வலி மாதிரி. ராத்திரி பூரா உயிரை எடுக்கும். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் எந்தப் பல் என்றே தெரியாது. பஞ்சர் என்றால் டயரைக் காட்டலாம். ஆயில் ஒழுகினால் தரையைக் காட்டலாம். ஓடும்போது நின்றுபோய், பிறகு தானே கிளம்பிவிட்ட வண்டியில் எதைக் காட்டுவது?

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் பெரிய அநியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. லட்சத்துக்கு மேல் பணம் வாங்கிக்கொண்டு விற்றவர், தான் விற்றது நல்ல பொருள் என்று காட்ட வேண்டியதில்லை. வாங்கியவன்தான் அது கெட்ட பொருள் என்று காட்ட வேண்டும். அதுவும் அவர்கள் இடத்தில், அவர்கள் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும் பத்து நிமிஷத்துக்குள்.

நம் வயதுக்காரர்களுக்கு இது புது வியாதி. அந்தக் காலத்து வண்டியில் மின்சாரம் என்றால் என்ன? ஒரு மேக்னெட், ஒரு காயில், பிளாட்டினம் பாயிண்ட், ஒரு பிளக். பல வண்டிகளில் ஹெட்லைட் மேக்னெட்டிலிருந்து நேராகவே எரியும். ஆக்சிலேட்டரைத் திருகினால் பளிச்சென்று ஆகும். சிக்னலில் நின்றால் அகல் விளக்காகிவிடும். பேட்டரி செத்தாலும் கிக்கரை நாலு உதை உதைத்தால் கிளம்பும். பாயிண்டில் கரி பிடித்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்க்க அநேகமாக வண்டி வைத்திருந்த எல்லோருக்குமே தெரியும்.

இன்றைய வண்டி அப்படியில்லை. 2017 ஏப்ரல் 1 முதல், இன்ஜின் ஓடும் வரை ஹெட்லைட்டும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று புது இருசக்கர வண்டிகளுக்கு விதி வந்தது. அணைக்கிற சுவிட்சையே எடுத்துவிட்டார்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் பிரேக். அதற்குச் சக்கரத்தில் ஒரு சென்சார், தனியாக ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி. அதோடு கார்புரேட்டர் பெரும்பாலும் போய்விட்டது. பெட்ரோலைப் பீய்ச்ச இன்ஜெக்டர், டேங்குக்குள் மின்சாரப் பம்பு, புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார், இவை எல்லாவற்றையும் மேய்க்க ஈசியூ என்கிற சின்னக் கம்ப்யூட்டர். இவற்றை நான் குறை சொல்லவில்லை. புகை குறைந்தால் எனக்கும்தான் நல்லது. ஜிஎஸ்டி ரோட்டைக் கடக்க நிற்கிறவன் நான். ஆனால் பேட்டரியில் தெம்பு இல்லையென்றால் பம்பு ஓடாது. பம்பு ஓடாவிட்டால் பெட்ரோல் வராது. பல மாடல்களில் கிக்கரும் இல்லை. ஒரு எர்த்து ஒயர் சரியாக ஒட்டவில்லை என்றால் வண்டி முழுவதும் மயக்கம் போட்டு விழுகிறது. இந்த ஒயர்களில் பாதி அரசாங்கம் சட்டம் போட்டுச் சேர்க்கச் சொன்னவை. அது அறுந்தால் யார் நிரூபிக்க வேண்டும் என்பதையும் அதே கையோடு சொல்லியிருக்கலாம்.

என் பேரன், மகள் வயிற்றுப் பேரன், சிறுசேரியில் வேலை பார்க்கிறான். பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் கேளம்பாக்கம் சாலை வழியாகத்தான் போய்வருவான். போன வருஷம் புது வண்டி எடுத்தான். எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்று நான் எழுதப்போவதில்லை. பெயரைப் போட்டால் படிக்கிறவர் “நல்லவேளை, நம்ம வண்டி அது இல்லை” என்று நிம்மதியாகத் தாண்டிப் போய்விடுவார். எல்லா ஷோரூமிலும் அதே நாற்காலி, அதே பதில்தான்.

ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆரம்பித்தது. ஒரு நாள் ராத்திரி பதினோரு மணி சுமாருக்கு, மாம்பாக்கம் பக்கம், வேகத்தைக் குறைத்து வலது கைப்பக்கம் திரும்பும்போது ஹெட்லைட், மீட்டர், இன்ஜின் மூன்றும் ஒரே சமயத்தில் அணைந்தன. பின்னால் டிப்பர் லாரி. எப்படியோ ஓரமாக உருட்டி நிறுத்திவிட்டு, சாவியைத் திருப்பினால் எல்லாம் பழையபடி எரிகிறது. இதை அவன் வீட்டில் சொல்லவில்லை. இரண்டாம் தடவை நடந்தபிறகுதான் என் மகளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவன் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை அவள் படுக்கப் போவதில்லை.

முதல் தடவை சர்வீஸ் சென்டரில் பேட்டரி டெர்மினலை இறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை பியூஸ் மாற்றினார்கள். மூன்றாம் தடவை ஒரு கருவியை மாட்டிப் பார்த்து, ஈசியூவில் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை என்றார்கள். நான்காம் தடவை நானும் கூடப் போனேன். சர்வீஸ் அட்வைசர் நல்ல பிள்ளை. இருபத்தைந்து வயதிருக்கும், காலையிலிருந்து ஆட்களுக்குப் பதில் சொன்ன களைப்பு முகத்தில் இருந்தது. “ஐயா, நாங்களே ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டோம், வரவேயில்லை” என்றார். “வராமலிருந்தால் சந்தோஷம் தம்பி. இதுவரைக்கும் வந்ததற்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். மூன்று ஜாப் கார்டுகளையும் எடுத்துக் காட்டச் சொன்னேன்.

மூன்றிலும் வாடிக்கையாளரின் புகார் என்ற கட்டத்தில் ‘ஜெனரல் செக்கப்’ என்று இருந்தது. ஒன்றில் மட்டும் கூடுதலாக ‘வாட்டர் வாஷ்’.

கோப்பு பார்த்தே காலம் தள்ளியவனுக்கு இதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. கோப்பில் இல்லாத விஷயம் நடக்காத விஷயம். ஓடும் வண்டியில் விளக்கணைந்து இன்ஜின் நிற்கிறது என்று ஒருவன் மூன்று தடவை வந்து வாயால் சொல்லியிருக்கிறான். காகிதத்தின்படி அவன் மூன்று தடவை வண்டியைச் சும்மா காட்டிவிட்டுக் கழுவிக்கொண்டு போயிருக்கிறான். நாளைக்கு அதே லாரி சமாச்சாரம் வேறு மாதிரி முடிந்திருந்தால், இந்த வண்டியில் இப்படியொரு கோளாறு இருந்தது என்பதற்கு உலகத்தில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. வாரண்டியில் மாற்றுகிற பாகத்துக்குப் பொதுவாக டீலர் கம்பெனியிடம் பணம் கேட்டு வாங்க வேண்டும். கழற்றிய பாகம் கெட்டதுதான் என்று கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம் தெரியாமல் ஒரு பாகத்தை மாற்றினால் செலவு டீலர் தலையில் விழக்கூடும். காரணம் தெரியாத கோளாறை அப்படியே எழுதிவைத்தாலோ, அது தீராத புகாராக நின்றுகொண்டு இருக்கும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் சாயங்காலமே மூடிவிடலாம். ஆபீசில் வில்லங்கமான தபாலை ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதி முடித்துவைப்பார்களே, அந்த வித்தைதான்.

அன்றைக்கு நான் உட்கார்ந்து எழுதவைத்தேன். ஹேண்டிலை வலது பக்கம் திருப்பும்போது ஹெட்லைட், மீட்டர், இன்ஜின் மூன்றும் நிற்கின்றன. இதுவரை ஐந்து முறை. இன்னின்ன தேதி, இன்னின்ன கிலோமீட்டர். “சிஸ்டத்துல இவ்ளோ எழுத இடம் இருக்காதுங்கய்யா” என்றார். எழுதிப் பார்த்தால் இடம் இருந்தது.

கோளாறு என்ன என்று சொன்னது சர்வீஸ் சென்டர் அல்ல. மேற்குத் தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, சாவியை ஆன் செய்து, ஹேண்டிலை வலது பக்கம் முழுக்கத் திருப்பினார். கழுத்துப் பக்கம் போகிற ஒயர் கட்டைப் பிடித்து லேசாக ஆட்டினார். மீட்டர் அணைந்தது. விட்டார், எரிந்தது. மறுபடி ஆட்டினார், அணைந்தது. கம்பெனியில் பூட்டும்போதே ஒயர் கட்டை டேக் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், ஹேண்டில் திரும்பத் திரும்ப உள்ளே செம்பு இழை ஒவ்வொன்றாக அறுந்துகொண்டு வருகிறது என்றார். “இப்பவே சரி பண்ணிடலாமா பாய்?” என்று பேரன் கேட்டான். “நான் டேப்பை வெட்டினேன்னா, வெளி ஆள் கை வெச்சுட்டான், வாரண்டி கிடையாதுன்னு அவங்க சொல்லிடுவாங்க தம்பி. போன்ல படம் பிடிச்சுட்டுப் போ” என்றார். பணம் வாங்கிக்கொள்ளவில்லை. கத்தியை எடுக்காததுதான் அவர் செய்த பெரிய உபகாரம்.

அந்தப் படத்தைக் காட்டியபிறகு ஷோரூமில் பேச்சு மாறியது. ஒயரிங் கட்டு முழுவதையும் மாற்றினார்கள். பாகம் வர பதினோரு நாள்.

இது எங்கள் வீட்டு விஷயம். இனி, நம் பக்கத்து ஊரில் நடந்த, ஊரறிந்த விஷயம் ஒன்று. வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டிப் போனால் ஒரகடம். 1955ல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு, ராயல் என்ஃபீல்டு என்ற பெயரில் 2013ல் இங்கே ஆலை திறந்தது. 2017ல் கிட்டத்திலேயே வல்லம் வடகாலில் இன்னொன்று. (பேரன் வண்டி இந்தக் கம்பெனியுடையது அல்ல. இதைச் சொல்லிவிடுவது முறை.) 2021 மே 19 அன்று இந்தக் கம்பெனி 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. மீட்டியோர் 350, கிளாசிக் 350, புல்லட் 350. இந்தியாவில் மட்டுமல்ல, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா என்று ஏழு நாடுகளில் விற்ற வண்டிகள்.

காரணம் இக்னிஷன் காயில். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றி, பிளக்கில் பொறி விழச் செய்கிற கையடக்கமான பாகம். அது சரியில்லையென்றால் இன்ஜின் மிஸ் ஆகும், இழுவை குறையும், அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்று அறிவித்தார்கள். 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் வெளி சப்ளையர் ஒருவரிடம் வாங்கிய குறிப்பிட்ட சில தொகுதிகளில்தான் குறை. வழக்கமான உள்சோதனையில் தெரியவந்தது. பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்குத்தான் பாகத்தை மாற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். தாங்களாகவே முன்வந்து சொன்னார்கள். அதைப் பாராட்ட வேண்டும், நானும் பாராட்டுகிறேன்.

என் வாதத்துக்கு முக்கியமானது அந்தப் பத்து சதவீதம்தான். பத்தில் ஒன்பது வண்டியில் காயில் நன்றாகவே இருக்கும் என்று கம்பெனியே கணக்குப் போட்டிருந்தது. ஆனாலும் “உன் காயில் கெட்டது என்று காட்டு” என்று யாரையும் கேட்கவில்லை. வண்டி எண் அந்த வரிசையில் வந்தால் போதும். நாங்கள் பார்க்கிறோம், தேவைப்பட்டால் மாற்றித் தருகிறோம் என்றார்கள். சந்தேகம் வண்டியின் மேல் விழுந்தது. தனி ஒருவன் தன் ஒற்றை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் அதே சந்தேகம் அவன் மேல் விழுகிறது. வெளியில் வாஷ் விட்டீர்களா? தண்ணீரில் ஓட்டினீர்களா? எக்ஸ்ட்ரா லைட் போட்டீர்களா? இரண்டு லட்சத்துச் சொச்சம் பேருக்கு வந்தால் கம்பெனியின் கோளாறு; ஒருவனுக்கு வந்தால் அவனுடைய கோளாறு.

2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஓட்டுபவருக்கோ சாலையில் போகிற மற்றவருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய பழுது ஒரு வகை வண்டியில் இருக்கிறது என்று தெரிந்தால், அந்த வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசே உத்தரவிடலாம். அரசுக்கு அது தெரியவரும் வழிகளில் ஒன்று, குறிப்பிட்ட சதவீத உரிமையாளர்கள் புகார் தருவது. நல்ல சட்டம்தான். ஆனால் புகார் எழுத்தில் ஏறினால்தானே சதவீதம் சேரும்? ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதிய ஆயிரம் கோளாறுகளைக் கூட்டினால் ஆயிரம் ஜெனரல் செக்கப்தான் வரும்.

எண்ணிக்கைக்கு என்ன பலம் என்பதை ஓலா மின்சார ஸ்கூட்டர் விஷயத்தில் பார்த்தோம். அதுவும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செய்கிற வண்டி. 2023 செப்டம்பரிலிருந்து ஒரு வருஷத்தில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 10,644 புகார்கள் போயிருந்தன. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அவற்றில் 99.1 சதவீதம் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் சொன்னது. சொன்ன கணக்கு சரியா என்பது வேறு. கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்ததே, அது அந்தப் பத்தாயிரம் பேர் போனை எடுத்து 1915ஐ அழைத்ததால் வந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள்மேல் எனக்கு வேறு பல விஷயங்களில் மனத்தாங்கல் உண்டு. இந்த விஷயத்தில் அவர்கள் நம்மைவிடத் தெளிவு. நெப்போலியன் காலத்தில், 1804ல், வந்த அவர்களுடைய சிவில் சட்டத்தில் 1641ஆம் பிரிவு ‘வீஸ் காஷே’ பற்றிப் பேசுகிறது. மறைந்திருக்கும் குறை என்று அர்த்தம். வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று இருந்து, அது முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பொருளை வாங்கியே இருக்கமாட்டோம் அல்லது குறைந்த விலைக்குத்தான் வாங்கியிருப்போம் என்றால், அதற்கு விற்றவன் பொறுப்பு. பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். அல்லது வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். மோட்டார் சைக்கிள் என்ற பொருளே உலகத்தில் இல்லாத காலத்தில் எழுதியது.

அங்கேயும் குறை முதலிலிருந்தே இருந்தது என்று வாங்கியவன்தான் காட்ட வேண்டியிருந்தது. அதற்காகத்தான் நுகர்வோர் சட்டத்தில் இன்னொரு ஏற்பாடு வைத்தார்கள். புதுப் பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்த கோளாறு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் விற்றவர் நிரூபிக்கட்டும். 2014ல் போட்ட ஒரு சட்டத்தின் மூலம் அந்த ஆறு மாதத்தை 2016 மார்ச் முதல் இருபத்துநான்கு மாதமாக்கினார்கள். அவ்வளவுதான் விஷயம். ஒரு பிரிவு, ஒரு கால அளவு.

அமெரிக்காவில் உதவாக்கரை வண்டிக்கு எலுமிச்சம்பழம் என்று பெயர். அதற்கென்றே எலுமிச்சைச் சட்டம் வைத்திருக்கிறார்கள். 1982ல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கிவைத்தது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்றாலும், ஒரே கோளாறுக்கு நாலு தடவை பட்டறைக்குப் போயும் தீரவில்லை என்றாலோ, மொத்தம் முப்பது நாள் பட்டறையிலேயே கிடந்தாலோ, மாற்று வண்டி அல்லது பணம் என்பது பொதுவான சாரம். கார்களுக்காக வந்த சட்டம். மோட்டார் சைக்கிளைச் சில மாநிலங்கள்தான் சேர்த்துக்கொள்கின்றன.

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே, விற்ற பொருள் தரமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது. 1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2019ஆம் வருஷச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆனால் நிரூபிக்கிற சுமை வாங்கியவன் தோளில்தான். பார்த்தால் தெரியாத குறை என்றால் பொருளின் மாதிரியை சீல் வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம் என்று சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க்கும் சோப்புக்கும் அது சரி. வலது பக்கம் திரும்பும்போது மட்டும் அணைகிற ஹெட்லைட்டுக்கு எங்கே சீல் வைப்பது?

2006ல் உச்ச நீதிமன்றம் மாருதி கார் வழக்கு ஒன்றில், வாரண்டி என்பது கெட்ட பாகத்தைச் சரிசெய்து அல்லது மாற்றித் தருவதற்கான வாக்குறுதிதான், முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவிட்டது சரியல்ல என்று தீர்ப்புச் சொன்னது. 2021ல் டாடா மோட்டார்ஸ் வழக்கு. கோவாவில் டீலர் ஒருவர் 2009ல் செய்த, ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடிய காரைப் புதிது என்று விற்றுவிட்டார். டீலர் செய்த அந்தக் காரியம் கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டாதவரை கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்றது நீதிமன்றம். எழுதியிருக்கிற சட்டத்துக்குள் நின்று பார்த்தால் இரண்டும் சரியான தீர்ப்புகளாகவே இருக்கலாம். அந்தச் சட்டம் போதாது என்றுதான் நான் சொல்கிறேன். டீலரிடம் போனால் கம்பெனி ஒப்புதல் வரவேண்டும் என்கிறார். கம்பெனிக்கு எழுதினால் டீலரைப் பாருங்கள் என்று பதில் வருகிறது. தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடந்தவர்களுக்கு இந்த வழி பழக்கமானதுதான்.

கம்பெனிக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒயரை வெட்டிக் கண்ட விளக்குகளையும் மாட்டிவிட்டு, பியூஸ் போகிறது என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். பெருச்சாளி கடித்த ஒயரைக் கம்பெனித் தவறு என்பவர்களும் உண்டு; சிட்லபாக்கம், சேலையூர்ப் பக்கம் வண்டியை வெளியில் நிறுத்துகிறவர்களுக்கு அந்த உபத்திரவம் தெரியும். மழைத் தண்ணீர் சங்கதியும் அப்படித்தான். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அன்று மூழ்கிய வண்டிக்கு வாரண்டி கேட்டால் அது நியாயமில்லை. அது இன்ஷூரன்ஸ் கணக்கு. ஆனால் கார்த்திகை மாதத்துச் சாதாரண மழையில் நனைந்ததற்கே ‘தண்ணீர் போயிருக்கு சார்’ என்றால், இந்த வண்டியை ராஜஸ்தானில் மட்டும் விற்றிருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் ஏற்பாட்டில் கம்பெனியின் வாயை யாரும் கட்டவில்லை. எலி கடித்தது என்றால் பல் பட்ட இடத்தைக் காட்டட்டும். ஒயரை வெட்டினான் என்றால் வெட்டைக் காட்டட்டும். கருவி அவர்களிடம் இருக்கிறது, படித்த இன்ஜினியர் அவர்களிடம் இருக்கிறார். பேரனிடம் இருப்பது ஒரு போன்.

எக்ஸ்ட்ரா பிட்டிங் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டெலிவரி எடுக்கிற அன்றைக்கே, மாலை போட்டுப் படம் எடுக்கிற குஷியில், போன் சார்ஜர், பவர் ஹாரன் என்று ஷோரூமிலேயே நாலைந்து சாமான்களை மாட்டிவிடுகிறார்கள். அதற்கு ஒயரை வெட்டுவது அவர்கள் ஆள்தான். ஆறு மாதம் கழித்து, வெளிச்சாமான் மாட்டியிருக்கிறது, எலக்ட்ரிகல் வாரண்டி கிடையாது என்பதும் அவர்கள் ஆள்தான். மாட்டத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஷோரூம் பெயரிலேயே பில் வாங்குங்கள். பேரப்பிள்ளைக்கு வண்டி எடுக்கக் கூடப் போகிற தாத்தாக்களின் வேலை இது. பிள்ளைகள் பில்லைப் பார்க்கமாட்டார்கள், வண்டியைத்தான் பார்ப்பார்கள். வாரண்டி புத்தகத்தையும் அன்றைக்கே படித்துவிடுவது நல்லது. பல்பு, பியூஸ், ரப்பர் சாமான் பெரும்பாலும் சேராது. பேட்டரிக்குப் பொதுவாக பேட்டரி கம்பெனியின் தனி வாரண்டி. இலவச சர்வீஸ் ஒன்றைத் தவறவிட்டாலே எல்லாம் போச்சு என்கிற வரியும் உள்ளே இருக்கும்.

பேட்டரி விஷயத்தில் ஏமாறாமலிருக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சில நூறு ரூபாய்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தெம்பாக இருக்கிறது. இன்ஜினைக் கொஞ்சம் முடுக்கிவிட்டுப் பார்த்தால் பதினாலுக்குப் பக்கத்தில் வரவேண்டும். வரவில்லை என்றால் பேட்டரியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சார்ஜ் ஏறவில்லை, ரெகுலேட்டரையோ உள்ளே இருக்கிற காயிலையோ பார்க்க வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் தேதி போட்டு எழுதிக்கொண்டு போனால் சர்வீஸ் சென்டரில் பேசுகிற தோரணையே மாறிவிடுகிறது.

மற்றபடி, ஜாப் கார்டில் நாம் சொன்னது சொன்னபடி ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். நகலை வாங்காமல் வெளியே வரவேண்டாம். மூன்றாம் தடவைக்குப் பிறகு கம்பெனிக்கும் டீலருக்கும் ஒரே கடிதத்தில் எழுதி, பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால், ஒருவர் மற்றவரைக் காட்டுவது கொஞ்சம் குறையும். அதற்கும் மேலே 1915. அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம். புதுச் சட்டப்படி குடியிருக்கிற இடத்திலேயே வழக்குப் போடலாம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்துக்காரர்களுக்குச் செங்கல்பட்டு. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பரிசோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அப்படி முடிந்ததைப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிவித்தால் சந்தோஷப்படுவேன்.

பேரன் வண்டி நான்கு தடவையும் சேர்த்து இருபத்துமூன்று நாள் பட்டறையில் கிடந்தது. அந்த நாட்களுக்கும் அவன் கடன் தவணை கட்டினான், இன்ஷூரன்ஸ் ஓடியது, வாரண்டியும் ஓடியது. கம்பெனியின் கோளாறால் அவர்கள் பட்டறையில் நின்ற நாட்களை வாரண்டி காலத்தோடு சேர்த்துத் தர வேண்டும் என்று ஜாப் கார்டு நகல்களை இணைத்து எழுதியிருக்கிறேன். வாரண்டி புத்தகத்தில் அதற்கு இடமில்லை என்று ஒரு பதில் வந்தது. எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இல்லை என்று கேட்டு முதல் நினைவூட்டும் போய்விட்டது. இரண்டாவதை வரும் திங்கட்கிழமை அனுப்புகிறேன்.